இடது பக்கத்து இரைச்சல்

வலது கை திருப்புளியைச் சுழற்றிக்கொண்டிருந்தது. இடது கை கால்சட்டைப் பைக்குள் கிடந்தது. பார்ப்பவர்களுக்கு ஏதோ ஒற்றைக் கை வித்தை போலத் தெரியும். ஆனால் பழைய ரேடியோ மாதிரி வால்வு வைத்த பெட்டிகளைத் திறக்கிறவர்கள் முதலில் பழகிக்கொள்வது இதைத்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கண்டென்சர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். இரண்டு கையையும் உள்ளே விட்டால், ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்குகிற மின்சாரம் நடுவில் இருக்கும் நெஞ்சிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போகாது.

மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது ஹெட்ஃபோனுக்கான ஆம்ப்ளிஃபயர். இரண்டு செங்கல்லைச் சேர்த்து வைத்த அளவு. அதன் மேல்பக்கத்திலிருந்து கழற்றிய இரண்டு கண்ணாடி வால்வுகள் ஒரு துணியில் படுத்திருந்தன. ஒன்று இடது காதுக்கு, ஒன்று வலது காதுக்கு. அவரே பாகம் பாகமாக வாங்கிக் கோர்த்த பெட்டி அது. அடித்தகட்டில் நான்கு திருகு, நான்கும் ஒற்றைக் கீறல் போட்ட பழைய திருகு. கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார்.

நான்காவதில் திருப்புளி வழுக்கியது. குனிந்து பார்த்தார். அந்த ஒரு திருகின் தலையில் மட்டும் நட்சத்திரக் கீறல்.

அவர் அதில் நட்சத்திரத் திருகு போட்டதே இல்லை.

"அகப்பட்டான்" என்று முணுமுணுத்துக்கொண்டார். யார் என்று அப்போது தெரியாது. ஆனால் யாரோ ஒருவன் அகப்பட்டாக வேண்டியிருந்தது.

அவரை எல்லாரும் காது என்றே கூப்பிட்டார்கள். இளவயதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. இணைப்பில் கரகரப்பு வந்தால், எந்தப் பக்கத்துக் கம்பியில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று கேட்டே சொல்லிவிடுவார். எக்ஸ்சேஞ்சில் ஆட்களுக்குப் பதில் கணினி வந்ததும், புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்கிற ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். யாரோ ஒரு கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள். இவர் வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்பார். பக்கம் புரட்டுகிற சத்தம், நாற்காலியின் முனகல், எச்சில் விழுங்குவது, தூரத்தில் யாரோ கதவைச் சாத்துவது, எல்லாவற்றையும் பிடித்துக் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவார். அவர் சரி என்றால்தான் பதிவு வெளியே போகும்.

பஸ்ஸில் ஏறினாலும் காதுக்கு ஓய்வில்லை. ஒருமுறை ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "தம்பி, முன்பக்கம் இடது சக்கரத்துல பேரிங் அழுவுது" என்றார். "நீங்க டிக்கெட் எடுத்தீங்களா சார்?" என்று கேட்டார் ஓட்டுநர். அடுத்த வாரம் அந்த பஸ் நடுரோட்டில் நின்றது. அதற்குப் பிறகு அவர் நிறுத்தத்தில் நிற்பதைப் பார்த்தால் அந்த ஓட்டுநர் பத்தடி தள்ளித்தான் நிறுத்துவார்.

இப்படிப்பட்ட காதோடு சந்தேகமும் சேர்ந்தே வளர்ந்தது. யார் என்ன சொல்கிறார்கள் என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். எப்படிச் சொல்கிறார்கள், பதிலுக்கு முன்னால் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்கள், மூச்சு எங்கே மாறியது, இதைத்தான் கவனிப்பார். மனைவி "இப்பதான் வந்தேன்" என்றால், வாசலில் செருப்பு கழன்ற சத்தம் எப்போது கேட்டது என்று யோசிப்பார்.

அவள் இதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறாள். படுக்கையில் கிடப்பவரை முதுகு புண்ணாகாமல் புரட்டிப் போடவும், மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்து வைத்துக்கொண்டு "முழுங்கிட்டேன்" என்று சாதிப்பவரின் வாயைத் திறக்க வைக்கவும் அவளுக்குத் தெரியும்.

"குழாய் சொட்டுது" என்பார் இவர், படித்துக்கொண்டிருக்கும்போதே.

"போய் மூடுங்க."

"நம்ம குழாய் இல்ல. மேல் வீட்டுக்காரரோடது."

"அப்ப அவர்கிட்ட சொல்லுங்க. என்கிட்ட எதுக்கு? நான் என்ன சுவரேறிக் குதிச்சா மூடறது?"

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அவர் அடுத்தடுத்து மூன்று பதிவுகளைத் திருப்பி அனுப்பினார். காரணம் எழுதும் இடத்தில் மூன்றுக்கும் ஒரே சொல்: இரைச்சல்.

மூன்றும் ஒரே வாசிப்பாளர் வாசித்தவை. பல வருஷமாக வாசிக்கிற பெண், தொண்டையைப் பாதுகாக்கிறேன் என்று ஐஸ் தண்ணீரைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். நேராகவே போன் போட்டுவிட்டாள்.

"அண்ணே, நான் வாசிக்கிற ரூம்ல கதவைச் சாத்துனா என் மூச்சே எனக்கு இடி மாதிரி கேக்கும். அங்க எங்கேர்ந்து இரைச்சல் வருது?"

"வருது. அதான் எழுதியிருக்கேன்."

"என் வயித்துலேர்ந்து வருதான்னு கேட்டுச் சொல்லுங்க. அன்னைக்கு ஒண்ணும் சாப்பிடாம போயிட்டேன்."

"விளையாடாதம்மா. இடது பக்கம் தெளிவா கேக்குது."

"இடது பக்கமா? எனக்கு ஒரு வாய்தானேண்ணே இருக்கு? நடுவுலதான் வெச்சிருக்கேன்."

அவள் சொன்னது நியாயம். ஒரே மைக்கில் பதிவான குரலில் ஒரு பக்கம் மட்டும் எப்படி இரைச்சல் இருக்கும்? அதை அவர் அப்போது யோசிக்க விரும்பவில்லை.

மறுநாள் மேலாளர் அழைத்தாள். அவர் மகள் வயசு இருக்கும்.

"சார், மூணையும் நானும் கேட்டேன். எனக்கு ஒண்ணும் கேக்கல. ஒண்ணு உங்க மிஷின்ல கோளாறு, இல்ல..." கொஞ்சம் தயங்கினாள். "இல்ல, காதையும் ஒருதரம் காட்டிடுங்க சார். எதுன்னு தெரிஞ்சதும் சொல்லுங்க. அதுவரைக்கும் புதுசா எதுவும் அனுப்பல."

மரியாதையாகத்தான் சொன்னாள். அந்த மரியாதைதான் குத்தியது. இதுவரை அவர் திருப்பி அனுப்பியதை யாரும் மறுபடி கேட்டுப் பார்த்ததே கிடையாது.

மிஷின் என்றால் பிரித்துச் சரி செய்யலாம். காது என்றால் வேலை போயிற்று. வேலை போனால் அவரிடம் மிச்சமிருப்பது என்ன என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. ஆகவே மிஷின்தான் என்று முதலில் தீர்ப்பு எழுதினார். பிறகு சாட்சி தேட உட்கார்ந்தார்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சத்தக் குமிழை முழுக்கக் குறைத்தார். வாசிப்பவளின் குரல் அடங்கியது. இரைச்சல் அடங்கவில்லை. இடது பக்கம் மட்டும், விடாமல். பதிவில் இருந்த இரைச்சலாக இருந்தால் குரலோடு சேர்ந்து அதுவும் அடங்கியிருக்க வேண்டும். ஆக, பதிவில் தப்பில்லை. வாசித்தவளிடம் அப்போதே போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். முழுசாகக் கண்டுபிடித்துவிட்டுச் சொல்வோம் என்று ஒத்திப்போட்டார்.

பெட்டிக்கும் கணினிக்கும் நடுவே போகும் வயரைப் பிடுங்கினார். இரைச்சல் இருந்தது. வால்வில் கோளாறோ என்று, ஆறவிட்டு, இடது வால்வை வலதிலும் வலது வால்வை இடதிலும் செருகினார். கோளாறு வால்வில் இருந்தால் இரைச்சலும் அதோடு வலப்பக்கம் போயிருக்கும். போகவில்லை. எதை இடம் மாற்றும்போது இரைச்சலும் கூடவே இடம் மாறுகிறதோ அதுதான் குற்றவாளி. எக்ஸ்சேஞ்சில் கற்றுக்கொண்ட வழி. வயர்களை மாற்றினார், வால்வு பொருந்தும் சாக்கெட்டுகளைத் துடைத்தார். இரைச்சல் இடதிலேயே உட்கார்ந்திருந்தது.

பெட்டி குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்றதும் வீட்டின்மேல் சந்தேகம் திரும்பியது. ஃப்ரிட்ஜை அணைத்தார். டியூப்லைட்டை அணைத்தார். போன் சார்ஜர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

"என் போன் செத்துக் கிடக்கு, யார் சார்ஜரைப் பிடுங்கினது?" என்று மனைவி உள்ளேயிருந்து கத்தினாள்.

"சோதனை நடக்குது."

"எனக்கா, போனுக்கா?"

பிறகு மாடிக்குப் போனார். மேல் வீட்டுக்காரர் தையல்காரர். மோட்டார் வைத்த தையல் மிஷின். மோட்டார் என்றால் இரைச்சல் கிளப்பாமலா இருக்கும்?

"உங்க மிஷினைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா?"

"ஏன் சார், தூங்கப் போறீங்களா?"

"இல்ல, ஒரு இரைச்சல்."

"என் மிஷின் ரிப்பேர் ஆகிப் போன வாரத்துலேர்ந்து படுத்துக் கிடக்குது. வேணா வந்து பாருங்க."

வேறு யாராவதாக இருந்தால் அதோடு திரும்பியிருப்பார்கள். காது உள்ளே போய்ப் பார்த்தார். பெல்ட்டைக் கழற்றித் தொங்கவிட்டிருந்தது. மிஷின்மேல் தூசி.

"வேற மிஷின் எதாவது வெச்சிருக்கீங்களா?"

தையல்காரர் கையிலிருந்த ஊசியைக் காட்டினார். "இது ஒண்ணுதான் ஓடுது. இது சத்தம் போட்டா சொல்லுங்க, எண்ணெய் விடறேன்."

கீழே வந்து, கடைசியாக, ஹெட்ஃபோனைத் தலையில் மாட்டியபடியே எட்டி வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தார். மின்விசிறி மெல்ல நின்றது. வால்வுகளில் ஆரஞ்சு வெளிச்சம் மங்கி அவிந்தது. வீடே மூச்சடக்கியது போல இருந்தது. அந்த அமைதியில், இடது பக்கம், ஏதோ இன்னும் கேட்ட மாதிரி இருந்தது.

சட்டென்று ஹெட்ஃபோனைக் கழற்றினார். கண்டென்சரில் மிச்சமிருக்கும் மின்சாரம், அதுதான் என்று சொல்லிக்கொண்டார். எந்தக் கண்டென்சரும் அவ்வளவு நேரம் பாடாது என்று அவருக்குத் தெரியும். கழற்றிய பிறகு காதைத் தீட்டிக் கேட்கவில்லை. உடனே ரேடியோவைப் போட்டார், மெயின் அணைந்திருப்பதை மறந்து. பிறகு வாய்விட்டுத் தொண்டையைக் கனைத்தார். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார்.

"இன்னைக்கு என்ன மழை வரப்போகுதா?" என்றாள் மனைவி, அவர் கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்து. அவர் முகத்தையும் பார்த்தாள்.

இவ்வளவுக்கும் பிறகுதான் அவர் பெட்டியின் அடித்தகட்டைக் கழற்ற உட்கார்ந்ததும், நட்சத்திரத் திருகு அகப்பட்டதும்.

யாராக இருக்கும் என்று யோசிக்க வெகுநேரம் ஆகவில்லை. போன மாதம் வீடு முழுக்கப் புது வயரிங் போட்டது மனைவியின் தம்பி. எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர். அவனுடைய பையில் இருப்பதெல்லாம் நட்சத்திரத் திருகுதான். காது போனை எடுத்தார்.

"மாப்ளே, ஒரே ஒரு கேள்வி."

"கேளுங்க மாமா." பதிலுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி. காது அதைப் பிடித்துக்கொண்டார்.

"என் பெட்டியத் தொட்டியா?"

"எந்தப் பெட்டி?"

"நான் என்ன பெட்டிக் கடையா வெச்சிருக்கேன்? வால்வு பெட்டி."

"அதை நான் ஏன் மாமா தொடப்போறேன்? அலமாரியத்தான் நகத்தினோம்."

"அலமாரிமேல என்ன இருந்துச்சு?"

"தூசி."

"தூசிக்கு அடியில?"

மறுமுனையில் மூச்சு மாறியது.

"நட்சத்திரத் திருகு யார் வீட்டுது மாப்ளே?"

"மாமா... அக்கா பக்கத்துல இருக்காளா?"

அது போதுமாக இருந்தது. போனை வைத்துவிட்டுத் திரும்பினார். மனைவி கதவருகே துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு கலையாமல் சொன்னாள்:

"விழுந்துச்சு. எனக்கும் தெரியும்."

"உனக்கும் தெரியுமா?"

"சொன்னா நீங்க ஒரு மாசம் தூங்க மாட்டீங்க. எங்களையும் தூங்க விடமாட்டீங்க. போட்டுப் பாத்தோம், பேசுச்சு. ஒரு திருகு எங்கயோ உருண்டு போச்சு. அவன் வேற போட்டான். எடுத்து வெச்சுட்டோம்."

"அக்காவும் தம்பியும் சேர்ந்து..."

"ஆமா, சேர்ந்துதான். சாயங்காலம் வரச் சொல்றேன். வந்து சரி பண்ணித் தருவான். கத்தறதுன்னா அவன் வந்த பிறகு கத்துங்க, ஒரே செலவா போயிடும்."

கத்தவேண்டிய இடம்தான். ஆனால் அவருக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. மிஷின் கீழே விழுந்திருக்கிறது. விழுந்த மிஷின் இரையாமல் என்ன செய்யும்? காது நன்றாக இருக்கிறது. அன்றைக்கு மத்தியானம் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

சாயங்காலம் மச்சான் வந்தான். வாசலிலேயே செருப்பை மெல்லக் கழற்றினான்.

"மெல்லக் கழட்டினா கேக்காதுன்னு நினைப்பா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மாமா, மன்னிச்சுக்குங்க. கை வழுக்கிருச்சு."

"கைதான் வழுக்குச்சு. வாய் ஏன் ஒரு மாசமா வழுக்கல?"

இரண்டு பேரும் மேசையருகே உட்கார்ந்தார்கள். பெட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து நிறுத்தி, வால்வுகளைச் செருகி, மின்சாரம் கொடுத்தார்கள். அடிவயிறு திறந்து கிடக்கிற நிலையில் மின்சாரம் கொடுப்பது ஆபத்தான வேலை. ஆகவே கை உள்ளே போகக் கூடாது. காது ஒரு காய்ந்த மரக்குச்சியை எடுத்தார். இடது கை வழக்கம்போலப் பைக்குள் போனது. மச்சான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். உள்ளே ஒவ்வொரு இணைப்பாகக் குச்சியால் தட்டிக்கொண்டு போனார்.

"இங்க?"

"ம்-ன்னு ஒரே மாதிரிதான் இருக்கு."

"இங்க?"

"அதேதான்."

"இங்க?"

மச்சான் துள்ளி விழுந்தான். "ஐயோ! மாமா, காதுல யாரோ பட்டாசு வெச்ச மாதிரி இருக்கு!"

இடது பக்கத்து வால்வு சாக்கெட்டுக்குப் பின்னால் எர்த் கம்பி சேரும் இடம். பார்வைக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. குச்சியால் அழுத்தினால் 'ம்' நின்றது. விட்டால் வந்தது. விழுந்த அதிர்ச்சியில் ஈயப் பற்றவைப்பு மயிரிழை விரிசல் விட்டிருந்தது.

பிளக்கைப் பிடுங்கினார்கள். காத்திருந்தார்கள். மீட்டரை வைத்து உள்ளே மின்சாரம் வடிந்துவிட்டதா என்று பார்த்தார் காது. மச்சான் "வடிஞ்சிருச்சு மாமா" என்றான். காது மறுபடியும் பார்த்தார். "நீ சொன்னா மட்டும் வடியாது" என்றார். மச்சான் சூட்டுக்கோலால் பழைய ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தான். நல்ல கை. பளபளவென்று ஒரு சொட்டு.

மறுபடியும் மின்சாரம். வால்வுகள் சிவந்தன. மச்சான் ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டான்.

"சுத்தம் மாமா. கிணத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு."

காது வாங்கி மாட்டினார். குறைந்திருந்தது. நிறையவே குறைந்திருந்தது. அடியில் கிடந்த பாரமான சத்தம் போயிருந்தது. ஆனால் இடது பக்கம் இன்னும் ஏதோ மிச்சம்.

"இருக்கு."

"இல்ல மாமா."

"இருக்குன்னு சொல்றேன். தப்பிக்கறதுக்காகச் சொல்றியா?"

மனைவி வந்து ஹெட்ஃபோனை வாங்கினாள். கேட்டாள். தலையை ஆட்டினாள். "எனக்கும் ஒண்ணும் கேக்கல."

காது இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா, தம்பி. ஒரு மாதம் வாயைத் திறக்காமல் ஒரு விஷயத்தை மூடி வைத்தவர்கள். இவர்கள் கேட்கவில்லை என்று சொன்னால் அதை எப்படி நம்புவது? வேலையை முடித்துவிட்டு எழுந்து போகவேண்டும் என்று மச்சான் பொய் சொல்லலாம். தம்பியைக் காப்பாற்ற அவள் சொல்லலாம். மேலாளரும் கேட்கவில்லை என்றுதானே சொன்னாள்? அவளுக்கு வாசிப்பவள் தோழியாக இருக்கலாம். ஊரே சேர்ந்து ஒரு சத்தத்தைக் கேட்கவில்லை என்று சொல்வது நடக்காத விஷயமா என்ன?

"ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?" என்றார்.

மச்சானுக்கு முகம் சுருங்கியது. மனைவிக்குச் சுருங்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எங்களை நம்ப வேணாம். எப்படிக் கேக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

"இரைச்சலா கேக்குது."

"எங்க இல்லத்துல ஒருத்தர் வலிக்குதுன்னு சொன்னா நாங்க அதோட விடமாட்டோம். குத்துதா, குடையுதா, எரியுதா, விண்ணு விண்ணுனு தெறிக்குதான்னு கேப்போம். ஒவ்வொண்ணுக்கும் வேற வேற மருந்து. இரைச்சல்னு மொட்டையாச் சொன்னா எனக்கு என்ன தெரியும்? வாயால செஞ்சு காட்டுங்க."

"அதென்ன குழந்தை மாதிரி."

"செய்ங்க. இவன் ம்-ன்னு கேட்டதா சொன்னான். உங்களுக்கு ம்-ஆ?"

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். எக்ஸ்சேஞ்சில் கேட்பது போல, முதல்முறையாக, பயத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இல்ல. ம் போயிடுச்சு."

"அப்ப?"

"ஈ..." என்று மெலிதாக, பல்லிடுக்கில் இழுத்துக் காட்டினார்.

"ஈயா?" என்று மச்சான் அறையைச் சுற்றிப் பார்த்தான்.

"டேய், நீ சும்மா இரு" என்றாள் அக்கா. பிறகு அவரிடம்: "மூணு பதிவுக்கும் இரைச்சல் இரைச்சல்னு எழுதினீங்களே, ரெண்டையும் சேர்த்தா?"

ஒரு ஓசையைக் கேட்டே ஊர் பேர் சொல்லுகிற ஆள், இரண்டு ஓசைகளை ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருந்தார். அவசரத்தில் அல்ல. பிரித்துப் பார்த்தால் ஒன்று மிச்சமாகும் என்று தெரிந்துதான்.

"திருப்பிப் போட்டுக்குங்க" என்றாள்.

"எதை?"

"தலையில இருக்கறதை. இடதை வலதுல, வலதை இடதுல."

"எல், ஆர்னு எழுதியிருக்கு. மாத்திப் போடக் கூடாது."

"வால்வை மாத்தினீங்க. வயரை மாத்தினீங்க. என் சார்ஜரைக்கூட விட்டுவைக்கல. மாடி வீட்டு மிஷினுக்கு ஆஜர் பட்டியல் எடுத்தீங்க. இதை ஒண்ணை மட்டும் ஏன் மாத்தல?"

மச்சான் தரையைப் பார்த்தான். சூட்டுக்கோல் ஆறிவிட்டதா என்று தேவையில்லாமல் பார்த்தான்.

காது ஹெட்ஃபோனைக் கழற்றினார். கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்து எழுத்துகளையும் படித்தார், அன்றைக்குத்தான் பார்ப்பது போல. பிறகு திருப்பி மாட்டிக்கொண்டார். வயர் இப்போது வலது தோளில் விழுந்தது.

பெட்டியில் கோளாறு என்றால் சத்தம் வலது காதுக்குப் போயிருக்க வேண்டும்.

"இருக்கு" என்றார்.

"எந்தப் பக்கம்?"

"இருந்த பக்கம்."

மாடிக் குழாய் சொட்டுகிறதா என்றுகூட அவர் கவனிக்கவில்லை.

"எத்தனை நாளா?" என்றாள் மனைவி.

"தெரியல."

அவள் அவர் தலையிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"வெயில் காலத்துலேர்ந்து" என்றார் அவர். "முதல்ல விட்டுவிட்டு வந்துச்சு."

"நான் உங்க இடது பக்கம் வந்து பேசினா தலையைத் திருப்பி வலது காதைக் குடுக்கறீங்க. பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்க மாடிக்கெல்லாம் ஏறிட்டு வந்தீங்க."

"மாமா" என்று மச்சான் மெல்லக் கேட்டான், "அப்ப நான் கீழ போட்டதால இல்லையா?"

"ம் உன்னோடது. ஈ என்னோடது. நைசா நழுவலாம்னு பாக்காத."

மச்சான் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை. ஆனால் பெட்டியின் அடித்தகட்டை மூடும்போது அந்த நட்சத்திரத் திருகையே திரும்பப் போட்டு முடுக்கினார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக வாசிப்பவளுக்குப் போன் போட்டார்.

"உன் பதிவு மூணும் சரிம்மா. தப்பு இங்கதான்."

"மிஷினா அண்ணே?"

"மிஷின் பாதி. காது பாதி."

அவள் குத்தலாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். "டாக்டரைப் பாருங்க அண்ணே" என்றாள், அவ்வளவுதான். அது குத்தலைவிட மோசமாக இருந்தது. மேலாளரிடமும் அதையே சொன்னார், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். "சோதனைச் சீட்டை அப்படியே உங்களுக்கு அனுப்பறேன். பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். "அனுப்புங்க சார், பேசலாம்" என்றாள் அவள். அந்தப் 'பேசலாம்' எந்தப் பக்கம் சாயும் என்று அவர் காதாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

முதியோர் இல்லத்துக்கு வந்துபோகிற காது மருத்துவரிடம் மனைவி ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். மருத்துவமனையின் பின்கட்டில் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு நாற்காலி. தலையில் ஹெட்ஃபோன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அப்பால் சோதனை செய்யும் பெண் மிஷினோடு உட்கார்ந்திருந்தாள். மனைவி வெளியே பெஞ்சில் இருந்தாள்.

முதல் இரண்டு சத்தத்திலேயே அவர் கவனித்துவிட்டார். ஒவ்வொரு தடவை சத்தம் அனுப்பும்போதும் அவளுடைய வலது தோள் லேசாக இறங்கியது. கண்ணாடியில் அது தெளிவாகத் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் சின்ன அசைவுகளைப் பிடித்தே பழகிய ஆளுக்கு இது பால்குடிப்பது போல. தோள் இறங்கும்போதெல்லாம் அழுத்தினால் போதும். இடது காதும் பழுதில்லை என்று சீட்டில் எழுதி வாங்கிவிடலாம்.

கையைத் தூக்கினார். அவள் கதவைத் திறந்தாள்.

"என்ன சார், மூச்சு முட்டுதா?"

"இல்லம்மா. நாற்காலியச் சுவரைப் பாத்துத் திருப்பிப் போட்டுக்கலாமா?"

"ஏன் சார்?"

"உன் தோள் தெரியுது."

அவள் குனிந்து தன் தோளைப் பார்த்துக்கொண்டாள். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட உதவினாள். கதவு மூடிக்கொண்டது. அவருக்கு முன்னால் பஞ்சுச் சுவர் மட்டும்.

வலது காதில் சத்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அழுத்தினார். மிக மெலிதாக வந்ததையும் பிடித்தார், அழுத்தினார். பிறகு சோதனை இடது காதுக்கு மாறியது. முதலில் தடித்த சத்தங்கள், கேட்டன. அப்புறம் சுருதி மேலே ஏற ஏற, ஈ மட்டும் இருந்தது. அந்த ஈயின் நடுவே ஏதாவது வருகிறதா என்று நிதானமாகத் தேடினார். வந்ததுபோல இருந்த இடங்களில் அழுத்தவில்லை. வந்தது என்று நிச்சயமான இடங்களில் மட்டும் அழுத்தினார். எதுவும் வராத இடங்களில் பொத்தானிலிருந்து விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அடுத்ததற்காகக் காத்திருந்தார்.